மூன்று மாதத்தில் மகனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 18 வயது மகனுக்குச் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலுவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. புறப்பட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பையனுக்குச் சோறு ஆக்கத் தெரியாது, துணி துவைத்துப் பழக்கமில்லை, வங்கிக்குத் தனியாகப் போனதில்லை. "எதிலிருந்து தொடங்குவது? ஒரு பட்டியல் கொடுங்கள்" என்கிறார். கடைசி வரியில், "தங்கச்சி 15 வயதிலேயே வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள், இவனை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை" என்றும் எழுதியிருக்கிறார். சகோதரி, அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். காலம் கடந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கடக்கவில்லை. ஆனால் இந்த மூன்று மாதத்தைச் சமையல் வகுப்பாக ஆக்கிவிட்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் வாழ்வியல் திறன் பாடம் நடத்தியவள். 'கெமாஹிரான் ஹிடூப்' என்றால் உங்கள் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவு வரும். மின்செருகியில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கம்பிகளைப் பொருத்துவது, பித்தான் தைப்பது, வரவு செலவு எழுதுவது என்று கையால் செய்யும் பாடம் அது. 2017இல் புதிய பாடத்திட்டம் படிவம் ஒன்றில் தொடங்கியபோது அந்தப் பாடம் போய், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற வேறு பாடம் வந்தது. அதனால் உங்கள் மகன் அதைப் படித்திருக்க மாட்டான். பள்ளியை விட்ட பிறகு பினாங்குத் தீவில் ஒரு மாணவர் தங்கும் விடுதியில் காப்பாளராக இருந்தேன். வீட்டை விட்டு முதல்முறை வெளியே வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வாசலில் நின்று வரவேற்றதும், முதல் மூன்று மாதம் அவர்களோடு சேர்ந்து தவித்ததும் அங்கேதான்.

விடுதிக்கு வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். வகுப்பில் என்னிடம் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் சிலர் அங்கேயும் வந்தார்கள். அவர்களுக்குத் தைக்கத் தெரியும், சமைக்கத் தெரியும். இருந்தும் இரண்டாம் வாரத்தில் அழுக்குத் துணி மூட்டையோடு நின்றார்கள். நெடுநாள் யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. வகுப்பில் பொருளை மேசைமேல் எடுத்து வைத்தவள் நான். அடுத்து என்ன செய்வது என்று பலகையில் எழுதியவள் நான். எப்போது முடிப்பது என்பதை மணி சொன்னது. பிள்ளைகள் கை வேலையை மட்டும் செய்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். "போய்த் துணியைப் போடு", "கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வா" என்று சொன்னால் செய்துவிடுகிறார்கள். கூடை நிறைந்துவிட்டது, வெங்காயம் தீரப்போகிறது என்பதைக் கவனித்து வைத்திருப்பது மட்டும் அம்மாவின் தலையிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் கவனத்தை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. விடுதியில் பிள்ளை தடுமாறுவது அங்கேதான்.

ஆகவே வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். ஒன்றிரண்டை முழுதாக ஒப்படைத்துவிடுங்கள். உதாரணமாக, செவ்வாய், வெள்ளி இரவுச் சாப்பாடு அவனுடைய பொறுப்பு. குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, சந்தைக்குப் போவது, கொடுத்த பணத்துக்குள் வாங்குவது, ஆக்குவது, அடுப்பைத் துடைப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் நினைவூட்டக் கூடாது. அவன் மறந்துவிட்டால் அன்று வீட்டில் ரொட்டியும் தேநீரும்தான். இது அவனைவிட உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும். ஏழரை மணி ஆகியும் அடுப்பு பற்றவில்லை என்றால் உங்கள் கை துடிக்கும். அப்போது எழுந்து போய் அரிசியைக் களைந்துவிட்டீர்களானால் அந்த வாரப் பாடம் வீணாகிவிடும். அவனுடைய துணி நாளையிலிருந்தே அவன் பொறுப்பு. பினாங்கில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். கொடியில் இருந்த துணி நனைந்து, ஈரச் சட்டையின் வாடையோடு ஒருநாள் வெளியே போய்வந்தால் போதும், வானத்தைப் பார்க்கும் பழக்கம் தானாக வரும்.

சமையலில் அவனுக்கு அதிகம் தேவையில்லை. சோறு, பருப்பு, முட்டை, ஒரு கீரை, ஒரு கோழிக் குழம்பு. இந்த ஐந்தும் கைவந்தால் மீதியை அவன் நாக்கே தேடிக்கொள்ளும். சமைப்பதைவிட முக்கியம், சமைத்ததை வைத்துக்கொள்ளும் முறை. ஆக்கிய சோற்றை நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுவதும் வெளியே வைத்து, காலையில் பிரட்டிச் சாப்பிடும் வழக்கம் விடுதிகளில் உண்டு. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் கொட்டிவிட வேண்டும். "நன்றாகச் சூடு பண்ணினேனே டீச்சர்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என் கணக்கில் நிறைய. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் அப்படியே, அதை வெளியே வைத்து மறுநாளுக்கு நம்பக் கூடாது.

இனிப் பணம். இதில் நான் கொஞ்சம் அழுத்தியே பேசுவேன், ஏனென்றால் சமைக்கத் தெரியாத பிள்ளை யாரும் படிப்பை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. பணத்தால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக வங்கிக் கணக்கில் விழும். அதுவரை வாரம் 30 ரிங்கிட் கைச்செலவில் வாழ்ந்த பிள்ளை, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் பார்க்கிறது. காலணி, கைப்பேசி, நண்பர்களுக்கு விருந்து என்று முதல் மாதத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். கடைசி மாதம் வெறும் மெகி நூடுல்ஸ்தான். இதற்கு அறிவுரை உதவாது, பழக்கம்தான் உதவும். இப்போதே ஒரு மாதத்துக்கு நீங்கள் அவனுக்குச் செலவழிக்கும் தொகையை மொத்தமாக அவன் கணக்கில் போட்டுவிடுங்கள். சாப்பாடு, பஸ், கைப்பேசிக் கட்டணம், முடிவெட்டு எல்லாம் அதற்குள். முதல் மாதம் 20ஆம் தேதியிலேயே தீர்ந்துவிடும், தீரட்டும். சாப்பாட்டுக்குக் குறை வைக்காதீர்கள், ஆனால் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இரண்டாம் மாதம் அவனே வாரக் கணக்குப் பிரிப்பான். அந்தக் கல்விக் கடன் இலவசப் பணம் இல்லை, ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணத்தோடு அவன் பெயரில் நிற்கப் போகும் கடன் என்பதையும் ஒப்பந்தத்தை அவன் கையில் கொடுத்து அவனையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்து விளக்க வேண்டாம். நம் நாட்டில் 18 வயதில் ஒருவன் சட்டப்படி முழு வயதை அடைந்துவிடுகிறான். அவன் போடும் கையெழுத்து அவனைத்தான் கட்டும்.

அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. மலாயில் 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள், கழுதைக் கணக்கு. மோசடிக்காரன் தான் ஏமாற்றிய பணத்தை வேறொருவர் கணக்கின் வழியாகச் சுமக்கவைத்து எடுத்துக்கொள்வான். விடுதியில் ஒரு பையன் 300 ரிங்கிட்டுக்காகத் தன் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் மூத்த மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டான். "அண்ணன்தானே கேட்டார், ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னார்" என்றான். சில மாதங்களில் கணக்கு முடக்கப்பட்டது, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. குற்றம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, ஆகவே தெரியாது என்று சொல்லித் தப்புவது இனி இன்னும் கடினம். அட்டை, இரகசிய எண், கைப்பேசிக்கு வரும் உறுதிப்படுத்தும் எண் மூன்றையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதைப் பொதுவாகச் சொல்லி விடாதீர்கள். "மாமா பையன் கேட்டால்? அறை நண்பன் அழுதுகொண்டு கேட்டால்?" என்று ஆள் ஆளாகக் கேட்டு அவன் வாயால் "கொடுக்க மாட்டேன்" என்று சொல்லவையுங்கள். ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் உடனே 997ஐ அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும், அதனால் வெட்கப்பட்டு நிற்க அங்கே இடமில்லை.

உடம்பைப் பற்றி ஒன்றை மட்டும் ஆழமாகச் சொல்கிறேன், மற்றவற்றை அங்குள்ள மருத்துவர் பார்த்துக்கொள்வார். காய்ச்சல் வந்தால் நம் நாட்டில் முதலில் டெங்கியை நினைக்க வேண்டும். பாரசிட்டமால் சாப்பிடலாம், ஆனால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகளைத் தொடக் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பாரசிட்டமாலிலும் 500 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். இவற்றையெல்லாம்விட அவன் மனத்தில் பதிய வேண்டியது வேறு. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் பெரும்பாலும் ஆபத்தான நாள். எங்கள் விடுதியில் ஒரு பெண்பிள்ளை நான்காம் நாள் "காய்ச்சல் விட்டுவிட்டது டீச்சர், தூங்கினால் போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அறைத்தோழி வந்து "இவள் விடாமல் வாந்தி எடுக்கிறாள்" என்று சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்னமும் பயமாக இருக்கிறது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் எது வந்தாலும் காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு கிளினிக்கில் குடிமகனுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். "காசில்லை, அதனால் போகவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது அவன் தனியாகக் கிளினிக்குக்குப் போய், எண் எடுத்து, மருத்துவரிடம் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லட்டும். எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை 18 வயதிலும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லும் பிள்ளைகள் பலர்.

மின்சாரம் பற்றி, பழைய ஆசிரியை என்பதால், இரண்டு வரி. நம் சுவர்ச் செருகி 13 ஆம்பியர் தாங்கும், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றே 2,000 வாட்டுக்கு அருகில் இழுக்கும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் கம்பி சூடாகி உருகும். சிரிம் என்ற தர முத்திரை இல்லாத மலிவான நீட்டிப்புக் கம்பியை வாங்க வேண்டாம்.

வெளியே போய்ப் பேசுவதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் இந்தத் தலைமுறையில் நான் கண்ட பெரிய குறை அதுதான். தெரியாதவரைத் தொலைபேசியில் அழைக்கப் பயப்படுகிறார்கள். முகப்பில் நின்று மலாயில் இரண்டு வாக்கியம் பேச அம்மாவைத் தேடுகிறார்கள். இதற்கு ஒரு நாள் பயணம் ஒதுக்குங்கள். புக்கிட் மெர்தாஜாமில் கொமுட்டர் ரயில் ஏறிப் பட்டர்வொர்த், அங்கே ஃபெர்ரி பிடித்து ஜார்ஜ் டவுன், பிறகு ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், மறுபடி வீடு. தனியாகப் போய்வரட்டும். எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்பதை அவனே தேடட்டும். வழி தவறினால் யாரிடமாவது கேட்கட்டும். நீங்கள் காரில் பின்னால் போகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் போவதாக இருந்தால் என் பதில் வேறு: நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பினாங்குப் பாலத்தின் மேல் காற்றும் மழையும் சேர்ந்தால் அனுபவசாலிகளே தடுமாறுகிறார்கள். பயிற்சிக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டாம்.

இப்போது நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைப்பது. அட்டையைக் கொடுத்த பையனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவன் தவறு செய்துவிட்டோம் என்று உணர்ந்த நாளிலிருந்து என்னிடம் வந்து சொன்ன நாள் வரை இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா கொன்றுவிடுவார்" என்றான். அந்த அப்பாவை எனக்குத் தெரியும், பிள்ளைக்காகத் தோட்டத்தை விட்டு வந்து இரவு வேலை பார்த்தவர், கையோங்காதவர். ஆனால் சின்ன வயதிலிருந்து கண்ணாடிக் குவளை உடைந்தாலும் வீடே அதிரும்படி கத்துவாராம். பையனுக்கு அந்தச் சத்தம்தான் நினைவில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் கணக்கை மூடி, புகார் கொடுத்து, பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். சகோதரி, இந்த மூன்று மாதத்தில் உங்கள் மகன் சட்டியைக் கருக்குவான், வெள்ளைச் சட்டையில் சாயம் ஏற்றுவான், பணத்தைத் தொலைப்பான். அந்த ஒவ்வொரு முறையும் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்ற கேள்வி உங்கள் வாயில் முதலில் வந்தால், கோத்தா கினபாலுவில் நள்ளிரவில் ஏதாவது நடந்தாலும் அவன் உங்களை அழைப்பான். மனம் உடைந்து போகும் இரவுகளும் வரலாம். வீட்டில் சொல்ல முடியாதபோது பேச, சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. அதையும், அவசர உதவிக்கான 999, மேலே சொன்ன 997 இரண்டையும் அவன் கைப்பேசியில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்னவற்றில் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. டெங்கியில் தவிர்க்க வேண்டிய மாத்திரை, பழைய சோறு, கழுதைக் கணக்கு, மின்சுமை, இவை உறுதியானவை, இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேலையை முழுதாக ஒப்படைப்பதும், பணத்தை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் என் அனுபவத்தில் பலன் தந்தவை. இன்னொரு காப்பாளர் வேறு வழி சொல்லலாம், அவரவர் பிள்ளையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு வேலை தெரிந்த பிள்ளை படிப்பிலும் சிறக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் இருவகையையும் பார்த்திருக்கிறேன், அப்படி வாக்களிக்க மாட்டேன். நெடுநாள் நோயோ, கற்றலில் சிரமமோ உள்ள பிள்ளைக்கு இந்த மூன்று மாதத் திட்டம் அப்படியே பொருந்தாது. அங்கே மருத்துவரோடும் பள்ளி ஆலோசகரோடும் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 வயதில் எல்லாம் செய்கிறாள் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அவள் அடுப்பைக் கற்றிருக்கிறாள், வங்கியை யார் கற்றுக்கொடுத்தார்கள்? விடுதிக்கு வந்த பெண்பிள்ளைகளில் பலர் பத்துப் பேருக்குச் சமைப்பார்கள், தனியாக ஒரு பஸ் ஏறியிருக்க மாட்டார்கள். செவ்வாய், வெள்ளி இரவுகளில் அண்ணன் சமைக்கும்போது அவளை உதவிக்கு அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவள் புத்தகத்தோடு இருக்கட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து அவளும் இதே ரயிலில் தனியாகப் போய்வர வேண்டும்.

கடைசியாக, சோற்றுப் பானையும் மசாலாத் தூளும் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பல விடுதி அறைகளில் சமையல் பாத்திரத்துக்கு அனுமதி இல்லை, பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் விதி இருக்கும். சபாவுக்குள் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு, மைகாட் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி பற்றியும் அதே கடிதத்தில் பார்க்கலாம். கடிதத்தை நீங்கள் படிக்காதீர்கள், அவன் படித்து உங்களுக்குச் சொல்லட்டும். தூளைக் காற்றுப் புகாத பையில் இரட்டையாகக் கட்டிப் பெட்டியில் வைக்கலாம். கைப்பேசிக்கான பவர்பேங்க் மட்டும் பெட்டிக்குள் போகக் கூடாது, கையோடு எடுத்துப் போக வேண்டும். பெட்டியை அவனே அடுக்கட்டும்.